கடல் கடந்த பிள்ளைகளும் கைவிட்ட எழுத்தும்

எங்கள் கடைசி மகள், தன் கணவரோடும் இரு பிள்ளைகளோடும் ஜெர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிபெயர ஆயத்தமாகி வருகிறாள். பேரனுக்கு வயது ஒன்பது, பேத்திக்கு ஆறு. சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து இராயபுரம் புனித இராயப்பர் ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, அவள் எங்கள் இருவரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, அம்மா, அண்ணனையும் அக்காவையும் நீங்கள் குவைத்துக்கு அழைத்துச் சென்றது அவர்களுக்கு நன்மையாக முடிந்ததா, தீமையாக முடிந்ததா? மறைக்காமல் சொல்லுங்கள். நாங்கள் எடுத்து வைக்கப் போகும் அடியும் அதுதானே."

அங்கே நின்றபடி எங்களால் விடை கூற இயலவில்லை. வீடு திரும்பிய பின்னரும் பல நாட்கள் இதையே பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே கொடுத்துவிடலாம் என்று எண்ணினோம். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, வெளிநாடு சென்ற ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. ஆகவே, எங்கள் மகளுக்கு எழுதுவது ஏனைய பங்குக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

கடல் கடப்பது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. துறைமுகம் கட்டப்படாத காலத்தில், நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மனிதரையும் சரக்கையும் அலைகளுக்கு ஊடே கரை சேர்த்த படகோட்டிகள் வாழ்ந்த மண் இது. அவர்கள் தங்கள் உழைப்பின் ஊதியத்தால் எழுப்பிய ஆலயமே எங்கள் இராயப்பர் ஆலயம். 1973-ஆம் ஆண்டில் கச்சா எண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், எண்ணூரில் அனல்மின் நிலையமும் கனரக வாகனத் தொழிற்சாலையும் இருந்தமையால், குழாய் பொருத்துவோர், பற்றவைப்போர், இயந்திரம் பழுது பார்ப்போர் எனக் கைத்தேர்ச்சி பெற்ற பலர் இங்கே இருந்தனர். அவர்களில் ஒரு பகுதியினர் அந்நாடுகளுக்குப் புறப்பட்டனர். எங்களுள் குடும்பத் தலைவரானவரும் அவ்வாறு 1981-இல் தனியே குவைத் சென்று, ஈராண்டுக்குப் பின் மேற்பார்வையாளராகி, குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் தகுதி பெற்றார்.

1983-ஆம் ஆண்டு நாங்கள் புறப்பட்டபோது மூத்த மகனுக்கு ஆறு வயது. இராயபுரத்துப் பள்ளியில் முதல் வகுப்பு முடித்து, தமிழ் எழுத்துகளை ஒருவாறு கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். மகளுக்கு மூன்று வயது. பயணத்துக்கு முந்தைய வாரம், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த அக்காள் ஒருவர் வந்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் இரங்கூனில் பிறந்தவர். 1964-இல் பர்மிய அரசு கடைகளையும் வாணிபத்தையும் நாட்டுடைமையாக்கியபின், இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையோடு கப்பலேறித் தாயகம் திரும்பினர் அல்லவா? வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியமர்ந்த அக்குடும்பங்களைப் போல அவருடைய குடும்பமும் வந்து சேர்ந்தது. அங்கே அவர் ஆறாம் வகுப்பு மாணவி. இங்கே வந்தபோது பர்மிய எழுத்து தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பதா என்று பெற்றோர் நாணினர். பள்ளிக்கூட வாசலை அவர் பின்னர் மிதிக்கவேயில்லை.

"தங்கச்சி, நீங்கள் போவதை நான் தடுக்கவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் திரும்பி வரும் நாள் ஒன்று இருக்கும். அன்றைக்குப் பிள்ளை கையில் நம் எழுத்து இருக்க வேண்டும். என் கதி அதற்கு வரக்கூடாது" என்றார்.

தலையசைத்து விடைபெற்றோம். குவைத் சென்று சேர்ந்த ஆறு மாதத்துக்குள் அச்சொல்லை மறந்தும் போனோம்.

நாங்கள் குடியிருந்தது பஹாஹீல் என்னும் கடலோர ஊரில். பிள்ளையைச் சேர்த்த பள்ளி இந்தியப் பள்ளிதான். டெல்லியிலுள்ள மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டமே அங்கு நடந்தது. ஆங்கிலம் பயிற்றுமொழி, இந்தி இரண்டாம் மொழி, ஓரளவு அரபும் உண்டு. தமிழுக்கு அங்கே இடமில்லை. ஆசிரியைகள் நல்லவர்கள், கணக்கும் விஞ்ஞானமும் சிறப்பாகவே கற்பித்தனர். முதல் ஆண்டில் மகன் ஆங்கிலத்தில் பின்தங்கியபோது, வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று அறிவுரை கிடைத்தது. அதை வேதவாக்காகக் கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "ஈட்", "கம்", "ஸ்லீப்" என்று பிள்ளைகளை வளர்த்தோம். இந்தியில் மகன் தொண்ணூறு மதிப்பெண் பெற்றபோது பூரித்துப்போனோம். தமிழ் எங்கே போய்விடப் போகிறது, அது இரத்தத்தில் இருப்பதுதானே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எழுத்து இரத்தத்தில் வருவதில்லை என்னும் எளிய உண்மையை அந்நாளில் நாங்கள் உணரவில்லை.

இராயபுரத்தில் இருந்த பாட்டியை எங்கள் பிள்ளைகள் "ஆயா" என்று அழைப்பார்கள். ஆயா மாதந்தோறும் கடிதம் எழுதுவார். பேரனுக்கென்று தனியாகப் பெரிய எழுத்தில் நான்கு வரி இருக்கும். முதலாண்டில் அவன் அதை எழுத்துக்கூட்டிப் படித்தான். இரண்டாம் ஆண்டில் எங்களைப் படிக்கச் சொன்னான். மூன்றாம் ஆண்டிலிருந்து அத்தாளைக் கையில் வாங்கவுமில்லை. அவன் பெயரால் நாங்களே பதில் எழுதி அனுப்பினோம். பின்னர், வளைகுடாக் குடும்பங்கள் பலவும் செய்ததுபோல், ஒலிநாடாவில் பிள்ளைகளின் குரலைப் பதிவு செய்து, ஊருக்குச் செல்வோரிடம் கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. அதன்பின் கடிதத்தின் தேவையும் குறைந்தது. கடைசி மகள் 1987-இல் அங்கேயே பிறந்தாள்.

ஒன்றை மாத்திரம் நாங்கள் விடவில்லை. அதுவும் முன்யோசனையால் அன்று. வேறு வழி தெரியாமையால். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள் ஆகையால், அஹ்மதி நகரிலுள்ள அரேபிய மாதா ஆலயத்துக்கு அன்றுதான் திருப்பலிக்கும் ஞானோபதேச வகுப்புக்கும் செல்வோம். 1956-இல் கட்டப்பெற்ற அவ்வாலயம் 2022-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டதைக் கேட்டு மகிழ்ந்தோம். அங்கே பூசையும் ஞானோபதேசமும் ஆங்கிலத்தில். மூத்தவன் புதுநன்மை வாங்கியதும் ஆங்கில மந்திரங்களைச் சொல்லித்தான். ஆனால், இரவில் வீட்டில் சொல்லும் செபமாலை மட்டும் தமிழில் நடந்தது. ஏனெனில், எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தில் செபிக்க வராது. ஐம்பத்து மூன்று மணி செபமும், விசுவாச மந்திரமும், தேவமாதாவின் பிரார்த்தனையும் நாள்தோறும் பிள்ளைகள் காதில் விழுந்து, அவர்கள் நாவிலும் பதிந்தன. பொருள் விளங்கியதா என்று நாங்கள் கேட்டதில்லை.

1990 ஆகஸ்டு 2-ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அப்போது அங்கே ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். கோடை விடுமுறைக்காக மூடியிருந்த பள்ளி, பின்னர் எங்கள் பிள்ளைகளுக்குத் திறக்கவேயில்லை. வங்கியில் இருந்த பணம் கைக்கு வரவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் வீட்டுக்குள் அடைந்திருந்து, செப்டம்பரில் ஒரு பேருந்தில் இடம் பிடித்து, பஸ்ரா, பாக்தாத் வழியாகப் பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் எல்லையை அடைந்தோம். அங்கே கூடாரத்தில் வெயிலும் மணற்காற்றும் தண்ணீர்த் தட்டுப்பாடும். பின்னர் அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானம் எங்களைப் பம்பாயில் கொண்டுவந்து சேர்த்தது. 59 நாட்களில் 488 விமானப் பயணங்கள். 1,11,000-க்கும் மேற்பட்டோர் அவ்வாறு மீட்கப்பட்டனர் என்பது வரலாறு. அக்கூட்டத்தில் நாங்கள் ஐவர்.

கையில் இரண்டு பைகள். கடவுச்சீட்டுகளையும் ஞானஸ்நானச் சான்றுகளையும் எடுத்திருந்தோம். பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகள் பஹாஹீல் வீட்டு இரும்பு அலமாரியிலேயே தங்கிவிட்டன. பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு அங்கே பள்ளியே நடக்கவில்லை. சென்னை வந்து பைகளைக் கவிழ்த்தபோதுதான், இரண்டாவது மகள் தன் இந்தி நோட்டுப்புத்தகத்தைத் துணிகளுக்கிடையே ஒளித்துக் கொண்டுவந்திருப்பதைக் கண்டோம். பள்ளியின் முத்திரையும் ஆசிரியையின் கையெழுத்தும் அதிலிருந்தன. ஏழாண்டுப் படிப்புக்கு எங்களிடம் எஞ்சிய சான்று அது ஒன்றே.

அந்த நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினோம். ஒரு பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இன்றிப் பேசவே மறுத்துவிட்டனர். அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். மற்றொரு பள்ளியின் தலைமைச் சகோதரி நோட்டைப் புரட்டிப் பார்த்து, மகளைச் சேர்த்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்பில் இருந்தவள் நான்காம் வகுப்பில் அமர்ந்தாள். அவளுக்குப் பத்து வயது, தோழியர் கிடைத்தனர், ஓராண்டில் தேறிவிட்டாள்.

மூத்தவன் நிலை வேறு. அவனுக்குப் பதின்மூன்று. எட்டாம் வகுப்பின் பாதியில் வந்தவன். 1968 முதல் தமிழகத்தில் இருமொழிக் கொள்கை நடைமுறையில் இருப்பதால், அவன் தேர்ச்சி பெற்றிருந்த இந்திக்கு அப்பள்ளியில் இடமில்லை. தமிழ்த்தாள் எழுதியே ஆகவேண்டும். தலைமையாசிரியர் ஒரு தமிழ்ப் பாடநூலை அவன் முன் திறந்து வைத்து, படிக்கச் சொன்னார். அவன் தலை நிமிரவேயில்லை. "கணக்கில் ஒன்பதாம் வகுப்புக்கே தகுதியுடையவன், தமிழில் ஒன்றாம் வகுப்பும் தேறமாட்டான். நான் என்ன செய்வது?" என்று அவர் வருந்திச் சொல்லி, ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. முதல் தேர்வில் தமிழில் மூன்று மதிப்பெண் பெற்றான். பள்ளியில் அவனுக்கு "குவைத்" என்றே பட்டப்பெயர் வைத்தனர். ஒரு நாள், இனிப் பள்ளிக்குப் போகமாட்டேன், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போகிறேன் என்றான். பர்மா அக்காள் சொன்ன சொல் அன்று எங்கள் காதில் திரும்ப ஒலித்தது.

அவனை மீட்டவர் ஆயாதான். அவர் ஐந்தாம் வகுப்பு வரையே படித்தவர். தனிப்பயிற்சி ஆசிரியரிடம் அனுப்பப் பணமில்லாதிருந்த அந்நாளில், தம்முடைய பழைய செபப்புத்தகத்தை எடுத்துவந்து பேரனருகில் அமர்ந்தார். "உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. நான் விரலை வைத்துக்கொண்டு வருகிறேன்" என்றார். அவன் அருள்நிறை மந்திரத்தை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, ஆயாவின் விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தது. மறுநாள் அவன் விரல் நகர்ந்தது. மூன்றாம் நாள், "இந்த எழுத்து எத்தனை இடத்தில் இருக்கிறது, எண்ணு" என்றார். ஏழு ஆண்டுகளாக நாவில் இருந்த ஒலி, ஒவ்வொன்றாகத் தாளிலிருந்த எழுத்தோடு சேர்ந்தது. அறியாத சொல்லை அறியாத எழுத்தில் படிப்பது மலையேறுவது. அறிந்த சொல்லை எழுத்தில் காண்பதோ பழகிய முகத்தைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது. பரலோக மந்திரம் முடிந்து விசுவாச மந்திரம், அது முடிந்து புனிதர்களின் பிரார்த்தனை என்று நான்கு மாதங்கள் நடந்தது அப்பள்ளி. தவக்காலத்தில் சிலுவைப்பாதைப் புத்தகத்தை அவனே வீட்டில் உரக்கப் படித்தான். ஆயா கண்களைத் துடைத்துக்கொண்டதைக் காணாததுபோல் இருந்தோம்.

1994-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வில் அவன் தமிழில் 58 மதிப்பெண் பெற்றுத் தேறினான். கணக்கில் அதைவிட மிகக் கூடுதல். பின்னர் பாலிடெக்னிக் படித்து, இன்று திருவொற்றியூரில் குடியிருந்து நல்ல வேலையில் இருக்கிறான். அவன் இழந்தது ஓராண்டுதானே என்று நாங்கள் பல காலம் ஆறுதல் கொண்டிருந்தோம். இக்கட்டுரையை எழுதுமுன் அவனிடம் கேட்டோம். அவன் சொன்னது எங்களைத் தைத்தது.

"ஓராண்டு போனது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை, அப்பா. நீங்கள் இருவரும் அடுக்களையில் மெதுவாகப் பேசிக்கொண்டதை ஒட்டுக் கேட்டுத்தான், நான் ஏழாம் வகுப்பில் உட்காரப் போகிறேன் என்று தெரிந்துகொண்டேன். குவைத்துக்குப் போகும்போதும் அப்படித்தான். பெட்டி கட்டிய பிறகுதான் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை."

அவனைப் பாதுகாப்பதாக எண்ணி மறைத்தோம். அவனோ, தன் வாழ்வைப் பற்றிய செய்தியைக் கதவிடுக்கில் கேட்டு வளர்ந்திருக்கிறான். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டோம்.

ஆகவே, அன்பு மகளே, உன் கேள்விக்கு எங்கள் விடை இதுதான். சென்றது தீமையன்று. அந்த வருவாயால் கடன் தீர்ந்தது. தங்கையின் திருமணம் நடந்தது. கூரை வீடு கல் வீடாயிற்று. அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆங்கிலமும் கணக்கும் அஞ்சாமல் வந்தது அப்பள்ளியால்தான். தீமையாக முடிந்தது எங்கள் கவனக்குறைவு. அதைச் செய்யாமல் நீங்கள் செல்லுங்கள்.

ஜெர்மனியில் அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை என்று நீயும் மாப்பிள்ளையும் சொன்னீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிந்தவுடனேயே, எந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் பள்ளிக்குச் செல்வது, எந்தப் பிள்ளை தொழிற்கல்விக்கு அணுக்கமான பள்ளிக்குச் செல்வது என்று பிரித்துவிடுகிறார்கள். பேரனுக்கு ஒன்பது வயது. ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொள்ள அவனுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. பின்னாளில் மாறிக்கொள்ள வழிகள் உண்டு என்றாலும், இங்கிருக்கும்போதே அம்மொழியைத் தொடங்கிவிடுங்கள். அங்கே சேர்ந்தவுடன் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பைக் கேட்டுப் பெறுங்கள். ஓராண்டு கீழே அமர்த்தினால் அதை அவமானமாகக் கருதாதீர்கள். அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பேத்திக்கு ஆறு வயது. அவள் ஜெர்மனை விரைவில் பிடித்துக்கொள்வாள். விரைவில் பிடிக்கும் வயதே விரைவில் மறக்கும் வயதும். தமிழை முதலில் இழக்கக்கூடியவள் அவளே.

சான்றிதழ்களை மறவாதீர்கள். பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் அட்டைகள், ஞானஸ்நானச் சான்று ஆகியவற்றின் நகல்களை எங்களிடமும் ஒரு தொகுதி கொடுத்துச் செல்லுங்கள். செல்பேசியிலும் படமெடுத்து வையுங்கள். தடுப்பூசி அட்டையும் வேண்டும். 2020 முதல் அங்கே பள்ளியில் சேரத் தட்டம்மைத் தடுப்புக்கான சான்று கட்டாயம். எங்களுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் துணை நின்றது. எல்லாருக்கும் அவ்வாறு வாய்ப்பதில்லை.

தமிழுக்கு நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எங்கள் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று உண்டு. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பாடங்களை வழங்குகிறது. ஜெர்மனியில் ஈழத்தமிழர் பல நகரங்களில் "தமிழாலயம்" என்னும் வாரஇறுதிப் பள்ளிகளை நடத்துகின்றனர். போரில் வீடிழந்து சென்ற அம்மக்கள் தம் எழுத்தைக் கைவிடவில்லை என்பதை எண்ணும்போது, வசதியாகச் சென்ற நாங்கள் நாணுகிறோம். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கெவெலார் மாதா திருத்தலத்துக்கு அவர்கள் பல்லாயிரவராகத் திருயாத்திரை செல்கின்றனர். இயன்றால் நீங்களும் செல்லுங்கள். என்றேனும் ஊர் திரும்ப நேர்ந்தால், 2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருப்பதையும் நினைவில் வையுங்கள்.

யாவற்றுக்கும் மேலாக, இரவுச் செபமாலையைத் தமிழில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முதல் ஆசான்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வலியுறுத்தியது. குடிபெயர்ந்தோரைப் பற்றி 1952-இல் திருமடல் வரைந்த பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பத்தையே அவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். அன்னிய நாட்டில் குழந்தை இயேசுவின் காதில் தாயின் மொழியில் செபம் ஒலித்திராமலா இருந்திருக்கும்?

ஆயா 2003-இல் இறைவனடி சேர்ந்தார். அந்தச் செபப்புத்தகம் அட்டை கிழிந்து, ஓரங்கள் விரல்பட்டுக் கறுத்து, எங்கள் வீட்டுத் திருவுருவப் பலகையில் இருக்கிறது. அதை உன் பெட்டியில் வைக்க விரும்புகிறோம். ஆனால், எங்களுக்குள் பேசி நாங்களே முடிவு செய்யவில்லை. பேரனை அழைத்து, "நீ போகப் போகிற ஊருக்கு இதையும் எடுத்துச் செல்வாயா?" என்று அவனிடமே கேட்டோம். புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து ரொம்பச் சிறியதாக இருக்கிறது தாத்தா. நீங்கள் விரலை வைத்துக் காட்டினால் படிக்கிறேன்" என்றான்.

புறப்பட இன்னும் ஏழு வாரங்கள் இருக்கின்றன. இன்றிரவு தொடங்குகிறோம்.

— இராயபுரத்துப் பெற்றோர்